குந்திப் படிக்க ஓர் இடம்

'பொது' என்று பெயர் வைத்த எதைக் கண்டாலும் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுவழி, பொதுச் சுடுகாடு. பெயரில்தான் பொது, இறங்கினால் அடி விழும். கோயில் நுழைவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். டீக்கடைத் தனிக்குவளையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். பொது நூலகத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. எழுத்தே மறுக்கப்பட்ட சனத்துக்கு நூலகம் மறுக்கப்பட்டது தனி வலியாகத் தெரியாமல் போயிருக்கலாம்.

எங்கள் ஊர் நூலகம் ஊர்த்தெருவில், தேர் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தது. எண்பதுகளின் நடுவில் நான் ஐந்தாம் வகுப்பு. உள்ளே வராதே என்று எங்களை ஒருவரும் சொன்னதில்லை. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கூலிவேலை இல்லாத காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் விரல் வைத்துப் படிப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அங்கே தினமும் பேப்பர் பார்க்க வருகிற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எடுத்துக்கினு போயி ஊட்ல படிங்களேன். இங்க எதுக்குக் குந்திக்கினு?" நூலகரும் அதையே கொஞ்சம் நயமாகச் சொன்னார். அப்பா எழுந்துவிட்டார். எடுத்துக்கொண்டு போவதென்றால் உறுப்பினராக வேண்டும், காப்புத்தொகை கட்ட வேண்டும், கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் எல்லாருக்கும் அது தெரியும். 'ஊட்ல படி' என்றால் படிக்காதே என்று அர்த்தம்.

அதில் என்ன பெரிய அவமானம், யாரும் அடிக்கவில்லையே என்று என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். எனக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கறுப்பர் இலக்கியத்தைத் தொண்ணூறுகளில் நாம் தமிழில் தேடித்தேடிப் படித்தோம். கவிதை, தன்வரலாறு, சிறுத்தைகளின் அறிக்கைகள். அமெரிக்கக் கறுப்பர்கள் நூலக நாற்காலிக்காக நடத்திய சண்டை அந்த வாசிப்பில் எனக்குத் தட்டுப்படவில்லை. பிற்பாடு லூயிசியானா மாநிலத்தில் கிளிண்டன் என்ற சின்ன ஊரில் நடந்ததைப் படித்தபோதுதான் அப்பா எழுந்துபோன அந்தக் காலை எனக்கு விளங்கியது.

கிளிண்டனில் இருந்தது ஆடுபான் வட்டார நூலகம். மூன்று வட்டாரங்களுக்குப் பொது. புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக அதனிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. சிவப்பு வண்டி வெள்ளையருக்கு, நீல வண்டி கறுப்பருக்கு. கறுப்பர் வைத்திருக்கும் உறுப்பினர் அட்டையில் 'நீக்ரோ' என்று முத்திரை. 1964 மார்ச் 7 அன்று ஐந்து கறுப்பு இளைஞர்கள் கட்டடத்துக்குள் போனார்கள். ஹென்றி பிரவுன் என்பவர் ஒரு புத்தகம் கேட்டார். துணை நூலகர் தேடிப் பார்த்துவிட்டு, இங்கே இல்லை, மாநில நூலகத்திலிருந்து தருவித்துத் தருகிறோம், வண்டியில் வாங்கிக்கொள்ளலாம் அல்லது தபாலில் வரும் என்றார். மரியாதையான பதில்தான். எங்கள் ஊர் நூலகர் சொன்ன அதே பதில். பிரவுன் போகவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற நால்வரும் அவரைச் சுற்றிப் பேசாமல் நின்றார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஷெரீப் வந்து ஐவரையும் பிடித்துக்கொண்டு போனார். குற்றம், அமைதிக்குப் பங்கம் விளைவித்தது. நூலகத்தில் சத்தமே போடாமல் இருந்ததற்கு அந்தப் பெயர்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1966இல் ஐவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஐந்து நீதிபதிகள் அந்தப் பக்கம், நான்கு பேர் இந்தப் பக்கம். ஒருவர் மனம் மாறியிருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தது குற்றமாகவே நின்றிருக்கும்.

பிரவுன் கேட்ட புத்தகம் எது என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஆர்னா பான்டெம்ஸ் எழுதிய 'நீக்ரோவின் கதை'. 1948இல் வந்தது. அது பேராசிரியர்களுக்காக எழுதப்பட்ட நூலில்லை. சிறுவர்களும் இளையவர்களும் படிப்பதற்காக ஒரு கறுப்பு எழுத்தாளர் எழுதிய கறுப்பர் வரலாறு. பான்டெம்ஸ் தானும் நூலகர். டென்னசியில் ஃபிஸ்க் பல்கலைக்கழக நூலகத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ஆக, ஒரு கறுப்பு நூலகர் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகத்தை, பிள்ளைகள் உள்ளே வரமுடியாத நூலகத்தில், வளர்ந்த ஒருவர் போய்க் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிறைக்குப் போனார். புத்தகம் பிறகு தபாலில் வந்து சேர்ந்தது. தபாலில் திருப்பி அனுப்பலாம், அல்லது நீல வண்டியில் கொடுக்கலாம் என்ற குறிப்போடு.

புத்தகத்தைத் தருவதில் அவர்களுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் உட்காருவதுதான் பொறுக்கவில்லை. சாதி தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நெல்லைக் கொட்டுவான், களத்தில் உட்காரவிட மாட்டான்.

இதன் உச்சம் வர்ஜீனியாவின் டான்வில் நகரத்தில் நடந்தது. அங்கே பொது நூலகம் ஒரு பழைய மாளிகையில் இருந்தது. 1865இல் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டரசின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் அந்தக் கூட்டரசின் கடைசி நாட்களில் வந்து தங்கிய வீடு அது. கறுப்பருக்கு வேறிடத்தில் ஒரு சின்னக் கிளை. 1960 ஏப்ரலில் கறுப்புப் பள்ளி மாணவர்கள் மாளிகைக்குள் போய்ப் புத்தகம் கேட்டார்கள். நகராட்சி நூலகத்தைச் சுருக்கியது, நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்றது, நகராட்சி நூலகத்தையே மூடியது. கறுப்பரோடு உட்காருவதைவிட நூலகமே இல்லாமல் இருக்கலாம் என்று வாக்களித்துச் சொன்னார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே புத்தகங்கள் இருந்தன. மேசை நாற்காலிகள் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், நின்றுகொண்டே எடுத்துக்கொண்டு போகலாம். உறுப்பினராக இரண்டரை டாலர் கட்டணம், நீளமான ஒரு விண்ணப்பம் வேறு. 1962இல் அலபாமாவின் மான்ட்கோமரி நூலகமும் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இதே வேலையைச் செய்தது. நாற்காலி போனது.

நாற்காலி இல்லாத நூலகத்தில் பெரியவர்கள் எப்படியாவது சமாளிப்பார்கள். ஒரு தாய் நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால்? பிள்ளைக்கு வாசிப்பது என்பது மடியில் நடக்கிற வேலை. மடி வேண்டுமென்றால் உட்கார வேண்டும். நாற்காலியை எடுத்தவன் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் மடியை எடுத்தான். வெறுப்பு தன் பிள்ளையின் சோற்றிலும் மண்ணைப் போடும் என்பதற்கு நம்மூரில் இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவர்களையும் மூடப்பட்ட கோயில்களையும் பார்த்தாலே போதும்.

இந்தச் சண்டை அறுபதுகளில் திடீரென்று முளைத்ததில்லை. அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அபராதம் என்று தென்கரோலினா 1740இலேயே சட்டம் போட்டிருந்தது. மனுவின் சட்டம் நமக்குத் தெரிந்ததுதான். எழுத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் ஆல்பர்ட் மெய்சீக் என்ற கறுப்புத் தலைமையாசிரியர் நூலகம் கேட்டு விடாமல் போராடினார். அதன் விளைவாக 1905இல் ஒரு வீட்டின் மூன்று அறைகளை வாடகைக்குப் பிடித்துக் கறுப்பருக்கென்று ஒரு கிளை திறந்தார்கள். 1908இல் சொந்தக் கட்டடம் வந்தது. தாமஸ் ஃபவுன்டன் புளூ நூலகர். குழந்தைகள் பகுதியை ரேச்சல் டேவிஸ் ஹாரிஸ் என்ற பெண் பார்த்துக்கொண்டார். கதை சொல்லும் நேரம் வைத்தார்கள். ஜோசப் காட்டர் என்ற கவிஞர் பிள்ளைகளுக்குக் கதைசொல்லும் போட்டி வைத்துக் கோப்பை கொடுத்தார். இந்தப் பிள்ளைகளில் பலருடைய தாத்தா பாட்டிகள் அடிமைகளாகப் பிறந்தவர்கள். கதையைத் தவிர வேறு சொத்தில்லாதவர்கள். சொன்ன கதையும் அச்சில் இருக்கிற கதையும் ஒரே அறையில் சந்தித்தன.

ஆனால் தனி நூலகம் என்பது தனிக்குவளைதானே? இந்தக் கேள்வி அங்கேயும் எழுந்தது. வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் சாமுவேல் டக்கர் என்ற இருபத்தாறு வயதுக் கறுப்பு வழக்கறிஞர் 1939 ஆகஸ்டு 21 அன்று ஐந்து இளைஞர்களை நூலகத்துக்கு அனுப்பினார். ஒவ்வொருவராகப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்ததும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து, தனித்தனி மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். கைது. நகரம் அவசர அவசரமாகக் கறுப்பருக்கென்று ராபர்ட் ராபின்சன் நூலகத்தைக் கட்டி 1940இல் திறந்தது. அதில் உறுப்பினராக டக்கர் மறுத்துவிட்டார். எனக்கு டக்கரின் பிடிவாதமும் பிடிக்கிறது, லூயிவில்லில் அந்த மூன்று அறைகளில் கதை சொன்னவர்களையும் குறைசொல்ல மனம் வரவில்லை. பிள்ளைக்கு நாலு வயது ஒரு தடவைதான் வரும். நீதி கிடைக்கிறவரை அது காத்திருக்காது. ராபின்சன் நூலகக் கட்டடம் பின்னாளில் கறுப்பர் வரலாற்று அருங்காட்சியகம் ஆனது.

காத்திருக்காத ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959இல் தென்கரோலினாவின் லேக் சிட்டியில் ஒன்பது வயது ரொனால்டு மெக்நாயர் தனியாக நூலகத்துக்கு நடந்துபோய்ப் புத்தகம் கேட்டான். கறுப்பருக்குத் தர முடியாது, போலீசைக் கூப்பிடுவேன் என்றார் நூலகர். கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். போலீசும் வந்தது, அவன் அம்மாவும் வந்தார். கடைசியில் புத்தகம் கிடைத்தது. அந்தப் பையன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, 1984இல் விண்வெளிக்குப் போய்வந்து, 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்ததில் இறந்தான். அந்தப் பழைய நூலகக் கட்டடம் பிறகு அவன் பெயரிலேயே நினைவில்லம் ஆனது. விண்வெளிக்குப் போனதால்தான் மேசைமேல் உட்கார்ந்தது செய்தியானது. உட்கார்ந்து அடிவாங்கித் திரும்பிய எத்தனையோ பிள்ளைகளுக்கு நினைவில்லம் இல்லை.

சரி, உட்கார இடம் கிடைத்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள்?

என் மகளுக்கு ஆறு வயது. நாங்கள் இப்போது இருக்கிற நகரத்தின் கிளை நூலகத்துக்கு ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப்போகிறேன். குழந்தைகள் மூலையில் குட்டி நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு இடம் பற்றாது. தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு நாள் 'எங்கள் கிராமம்' என்பது மாதிரி ஒரு படப் புத்தகம். கோபுரம், குளம், திண்ணை வைத்த ஓட்டு வீடுகள், பசு, வயல். அவள் எல்லாப் பக்கமும் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "ஆயா ஊடு எங்கப்பா?" ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி இருக்கிற தெரு அந்தப் படத்தில் இல்லை. தாள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நான் தாளின் விளிம்புக்கு வெளியே, தரையைக் காட்டி, "இங்க இருக்குது பாப்பா" என்றேன்.

இதே கேள்வியை வேறொரு பிள்ளை கேட்டிருக்கிறது. நியூயார்க்கில் ஒரு மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி ஒருத்தி படப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். நான்சி லாரிக் என்ற வெள்ளைக் கல்வியாளர் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களை அவர் ஆராய்ந்தார். கறுப்பர் ஒருவராவது தலைகாட்டுகிற நூல்கள் 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

லாரிக் கணக்கெடுப்பதற்கு வெகுநாள் முன்பே கறுப்புப் பெண் நூலகர்கள் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பெயர்தான் நம் பக்கம் வரவில்லை. ஹார்லெமில் 135ஆம் தெரு நூலகத்துக்கு 1937இல் குழந்தைகள் நூலகராக வந்தவர் அகஸ்டா பேக்கர். அலமாரியில் கறுப்பர் இருந்தார்கள். கோமாளியாக, சோம்பேறியாக, தடித்த உதட்டுக் கார்ட்டூனாக. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் இதை எப்படி வாசிப்பாள்? பேக்கர் அவற்றைக் களைந்து, பிள்ளைகள் வெட்கப்படாமல் படிக்கக்கூடிய நூல்களாகத் தேடிச் சேர்த்து, கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் பெயரில் ஒரு தொகுப்பை உருவாக்கினார். பட்டியல் போட்டு மற்ற நூலகங்களுக்கும் கொடுத்தார். போதுமான புத்தகங்கள் இல்லாத இடத்தில் தானே கதை சொன்னார். சிகாகோவில் சார்லிமே ராலின்ஸ் இதே வேலையைச் செய்து 1941இல் கறுப்பர் பற்றிய நல்ல சிறுவர் நூல்களுக்கு ஒரு கையேடு கொண்டுவந்தார். ஹார்லெமில் வளர்ந்த ஜேம்ஸ் பால்டுவின், ஒரு கையில் தம்பி தங்கைகளையும் மறு கையில் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு வளர்ந்ததாக எழுதியிருக்கிறார்.

இந்தப் பெண்கள் எதிர்த்த நூல்களில் முதன்மையானது 'குட்டிக் கறுப்பு சாம்போவின் கதை'. 1899இல் லண்டனில் வெளியானது. எழுதியவர் ஹெலன் பானர்மன். இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் அந்த அம்மாள் அதை எழுதியது இந்தியாவில். கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த வெள்ளை டாக்டர். குடும்பம் சென்னையிலும் வாழ்ந்தது. கதையில் புலிகள் ஒன்றையொன்று துரத்தி உருகிக் கடைசியில் நெய்யாகிவிடும். ஆப்பிரிக்காவில் ஏது புலி, அமெரிக்காவில் ஏது நெய்! நம் மண்ணின் கறுத்த பிள்ளையைப் பார்த்து வெள்ளைக்காரி வரைந்த கேலிப்படம் கடல் தாண்டிப் போய் ஹார்லெம் பிள்ளையின் மடியில் விழுந்திருக்கிறது. 1932இலேயே லாங்ஸ்டன் ஹியூஸ் அதைக் கண்டித்து எழுதினார். ஒடுக்குமுறை இப்படிக் கப்பலேறிப் போய்வரும்போது நம் வாசிப்பு மட்டும் வாய்க்காலுக்கு இந்தப்புறம் நின்றுவிடக் கூடாது.

அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியதும் ஹார்லெமின் அருகேதான். 1946இல் கறுப்பர் தலைவர் டு பாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதியது பலருக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்குச் சாக்கு எடுத்துப்போய் அதில் உட்கார்ந்து படித்து, மாலையில் அதை வீட்டுக்கே தூக்கி வந்தவர். அவருக்கும் முதல் சண்டை உட்காருகிற இடத்தில்தான் இருந்தது. அப்பா ராம்ஜி மகள்களின் நகையை அடகுவைத்து மகனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அடகு வைக்க நகை இல்லாத அப்பாக்களுக்காகத்தான் பொது நூலகம் வேண்டியிருக்கிறது.

சட்டம் இங்கேயும் குறைவில்லை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகளையும் பொதுக்கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதன் சாரங்களில் ஒன்று. நல்ல விதி. வாசகர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று விதியில் கேட்கவில்லை, நடைமுறையில் கேட்டார்கள். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதலாவது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி எண்ணுகிறது. நூலகம் என்ற பெயர் அதில் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் என்ற கடைசிச் சொற்களுக்குள் அது அடங்கும். வரி நம்மிடமும் வாங்கினார்கள். கட்டடத்துக்கு இடம் பார்க்கும்போது மட்டும் ஊர்த்தெரு வசதியாக இருந்தது.

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஞாயிறு காலை நானும் மகளும் கிளம்பியபோது, "ஆயாவும் வரட்டும்" என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அம்மாவுக்கு எழுபது வயது. ஊர் நூலகத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கீழே வைக்கச் சொன்னேன். பாப்பா அந்த கிராமத்துப் படப் புத்தகத்தையே எடுத்து வந்து ஆயாவிடம் காட்டினாள். அம்மா வெகுநேரம் பார்த்தார்கள். "இது ஏரி இல்ல, குட்ட. ஏரின்னா மதகு இருக்கும். மாட்டப் பாரு, உழுத மாடு மாதிரியா இருக்குது?" என்று ஆரம்பித்து, படத்தில் இல்லாத மேட்டுத்தெரு, களத்துமேடு, புளியமரம், அங்கே குடியிருந்தவர்கள் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்பா எழுந்ததை நினைத்துக்கொண்டேன். அம்மா எழவில்லை. பாப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

புறப்படும்போதுதான் வருகைப் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே வந்துவிட்டது ஞாபகம் வந்தது. பாப்பா தன் பெயரை நாலு கோட்டுக்கு நீட்டி எழுதினாள். அம்மா பேனாவை வாங்கி, அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தை அதன் கீழே மெதுவாகப் போட்டார்கள். வந்த நேரம் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். பத்தரை என்று சொன்னேன்.